ஃபின்லாந்துச் சிற்றூர் ஒன்றின் எரிசக்தி ஒப்பந்தமும் நான் அதில் கற்றதும்

2018 நவம்பரில் ஒரு நாள், பள்ளிக்கூடத்தின் கூரைக்கு அடியில் இருக்கும் இயந்திர அறைக்கு ஏணியில் ஏறினேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவர் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பாளர். பூட்டு, குழாய், பனி வாருவது, வெந்நீர், காற்றோட்டம் என்று ஃபின்லாந்தின் பொதுக் கட்டடங்களில் எல்லாமே இப்படி ஒருவர் பொறுப்பில்தான் ஓடும். காற்றோட்ட இயந்திரத்தின் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே ஆளுயர அலுமினியச் சக்கரம் ஒன்று அசையாமல் நின்றது. அது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய சக்கரம். வகுப்பறையிலிருந்து வெளியேறும் காற்றின் சூட்டை வாங்கி, உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுப்பது அதன் வேலை. சக்கரத்தைச் சுற்றும் பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. அதன் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் ஒரு குளிர்காலமாவது கடந்திருக்கும்.

அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டேன். வெளியே மைனஸ் 15 டிகிரி, உள்ளே 21 என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் முக்கால் பங்கு சூட்டை மீட்டால், உள்ளே வரும் காற்று 12 டிகிரிக்கு ஏறிவிடும். அதை 18-க்குக் கொண்டுவர, வெந்நீர் ஓடும் குழாய்ச் சுருள் 6 டிகிரி மட்டும் ஏற்றினால் போதும். சக்கரம் நின்றால் அதே சுருள் 33 டிகிரி ஏற்ற வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேல். பெல்ட்டின் விலையோ சில பத்து யூரோ.

ஏன் யாருக்கும் தெரியவில்லை? வகுப்பறையில் யாருக்கும் குளிரவில்லை, அதனால்தான். சுருள் கடமை தவறாமல் கூடுதல் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. குளிர்ந்தால் ஆசிரியர் புகார் செய்வார். பில் ஏறினால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். பில் வேறோர் அலுவலகத்துக்குப் போகிறது. அதைக் கட்டுபவர் இந்த ஏணியில் ஏறியதே இல்லை.

நான் அந்த ஏணியில் ஏறியதற்குக் காரணம் ஒரு காகிதம். எரிசக்திச் செலவைக் குறைப்பதாக அரசுக்கு வாக்களிக்கும் தேசிய எரிசக்தித் திறன் ஒப்பந்தத்தில் எங்கள் ஊர் நகராட்சி அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்தது. நகராட்சி என்று சொன்னாலும், மக்கள்தொகை நம் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவுதான். ஒப்பந்தம் கேட்கும் முதல் காரியங்களில் ஒன்று, பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது. அந்த வேலைக்கு வந்தவள் நான்.

அதற்கு முன் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மூன்று வருடம் மெயின்டெனன்ஸ் இன்ஜினியராக இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் இந்தியாவில் பெரிய ஆலைகளின் எரிசக்திச் செலவைக் குறைக்கும் 'பாட்' (PAT) திட்டம் தொடங்கியது. 2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில், எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகளுக்குச் சட்டப்படி இலக்கு வைத்தார்கள். ஜவுளியும் அதில் உண்டு. ஆனால் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியைத் தாண்டும் ஆலைகளுக்கு மட்டும். எங்கள் மில் அந்த வரம்புக்குக் கீழே. ஈரப்பதம் காக்கும் ஃபேன்களின் இறக்கைகளை மாற்றலாம், வேகத்தைக் குறைக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்த குறிப்பு, "நமக்குத்தான் சட்டம் இல்லையேம்மா" என்ற பதிலோடு திரும்பி வந்தது. அந்தப் பதில் மனதில் தங்கிவிட்டது. பிறகு ஃபின்லாந்தின் லப்பேன்ராந்தா பல்கலைக்கழகத்தில் எரிசக்தித் தொழில்நுட்பம் படித்து, இரண்டு வருடம் எரிசக்தி ஆடிட் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து, ஃபின்னிஷ் மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்று இந்த ஊருக்கு வந்தபோது, சட்டமே இல்லாமல் இவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் ஆவலாக இருந்தது.

ஃபின்லாந்து இதை 1997-இலிருந்து செய்கிறது. முதல் சுற்று 2007 வரை, அடுத்தது 2008 முதல் 2016, நான் வேலை பார்த்தது 2017 முதல் 2025 வரையான சுற்றில். ஒரு பக்கம் பொருளாதார அமைச்சகமும் எரிசக்தி ஆணையமும். மறுபக்கம் தொழில், வணிகம், கட்டட உரிமையாளர், எரிபொருள் துறைகளின் சங்கங்கள், நகராட்சிகளின் சங்கம். அவர்கள் போட்ட சட்டகத்துக்குள் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நகராட்சியும் தானாக விரும்பிச் சேரும். 1993-இல் தொடங்கிய மோத்திவா என்ற அமைப்பு, இப்போது அரசுக்குச் சொந்தமான நிறுவனம், நடுவில் இருந்து கணக்கு, வழிகாட்டல், பயிற்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. நான் இருந்த சுற்றின் இலக்கு: 2025-க்குள் 7.5 விழுக்காடு சேமிப்பு, இடையில் 2020-க்குள் 4 விழுக்காடு. எங்கள் ஊருக்கு அது ஆண்டுக்குச் சுமார் 750 மெகாவாட் மணி. நம் மொழியில் ஏழரை லட்சம் யூனிட்.

எட்டாவிட்டால் அபராதம் உண்டா? கிடையாது. சிறை, நோட்டீஸ், இணைப்புத் துண்டிப்பு எதுவும் இல்லை. முதலில் இது எனக்கு நம்பிக்கையே தரவில்லை. பிறகுதான் பின்னணி புரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 எரிசக்தித் திறன் ஆணை, எரிசக்தி விற்கும் நிறுவனங்கள் மீது சேமிப்புக் கடமையைச் சுமத்தச் சொன்னது. வேறு வழியில் அதே அளவு சேமித்துக் காட்டினால் அந்தச் சட்டம் வேண்டாம் என்றும் சொன்னது. ஃபின்லாந்து காட்டிய முக்கியமான வேறு வழி இந்த ஒப்பந்தம்தான். அதாவது எல்லோரும் விரும்பிச் செய்து கணக்குக் காட்டும்வரை கட்டாயச் சட்டம் வாசலுக்கு வெளியே நிற்கும். தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் அரசும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிக்கும் பழக்கம் இந்த நாட்டில் ஊறியது என்பதும் உண்மைதான். ஆனாலும் வாசலில் நிற்கும் அந்தச் சட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் இதை 'நல்லெண்ணம்' என்று மட்டும் யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொடுக்கல் வாங்கலும் உண்டு. எரிசக்தி ஆடிட் செய்தால் நகராட்சிகளுக்குச் செலவில் ஒரு பங்கை அரசு தந்தது. வழக்கமான தொழில்நுட்ப முதலீடுகளுக்கும் உதவி கேட்க ஒப்பந்தத்தில் இருந்தது பெரிய பலம். பதிலுக்கு நாங்கள் செய்ய வேண்டியது: திட்டம் எழுதுவது, வாங்கும் பொருளில் எரிசக்தியைக் கவனிப்பது, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முடிவதற்குள் முந்தைய ஆண்டின் நுகர்வையும் செய்த வேலைகளையும் இணையப் படிவத்தில் பதிவது.

இந்தப் பிப்ரவரி அறிக்கைதான் ஒப்பந்தத்தின் முதுகெலும்பு என்பேன். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு வரி: என்ன செய்தோம், எந்த ஆண்டு, எத்தனை மெகாவாட் மணி, எத்தனை ஆண்டு நிலைக்கும். முதல் வருடம் என் படிவத்தில் நான்கே வரிகள். அதில் ஒன்று அந்த பெல்ட்.

கணக்கு எழுதும்போது ஒரு சோதனை வந்தது. பிள்ளைகள் குறைந்ததால் ஊரின் ஓரத்தில் இருந்த சிறு பள்ளியை நகராட்சி மூடியது. அதன் நுகர்வு முழுதும் மறைந்தது. எங்கள் இலக்கில் நல்லதொரு பங்கு. "இதையும் சேமிப்பாகப் போட்டுவிடலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கூடாது. செயல்பாடு சுருங்கியதால் குறைந்தது சேமிப்பு ஆகாது; நாம் ஒன்றைச் செய்து, அதனால் அதே வேலை குறைந்த எரிசக்தியில் நடந்தால்தான் சேமிப்பு. அதேபோல மிதமான குளிர்காலமும் நம் சாதனை ஆகாது. வானிலை நிறுவனம் வெளியிடும் வெப்பத்தேவை எண்ணை (அந்த ஆண்டு எவ்வளவு குளிர் என்று காட்டுவது) வைத்து, வெப்ப நுகர்வை ஒரு சாதாரண ஆண்டுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்று இந்த வேலைக்கு வரும் யாருக்கும் சொல்வேன். இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் கடுங்குளிர் வரும்போது, போன வருடம் கொண்டாடியதெல்லாம் உங்களையே திருப்பிக் கேட்கும்.

வேலையை எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை: ஞாயிறு அதிகாலை மூன்று மணி. ஃபின்லாந்தில் ஏறக்குறைய எல்லா மின் இணைப்பிலும் மணிக்கு மணி நுகர்வைப் பதியும் மீட்டர் அப்போதே இருந்தது. எல்லாக் கட்டடங்களின் ஒரு வாரத் தரவையும் கேட்டு வாங்கினேன். ஒரு பிள்ளையும் இல்லாத ஞாயிறு அதிகாலையில் பள்ளிக்கூடம் வார நாளின் உச்ச நுகர்வில் ஏறத்தாழப் பாதியை இழுத்துக்கொண்டிருந்தது. வாரத்தில் 168 மணி நேரம்; பிள்ளைகள் இருப்பது சுமார் 50 மணி நேரம். ஃபேன்களோ 168 மணியும் ஓடின. யாரோ எப்போதோ ஒரு விழாவுக்காக டைமரை 'எப்போதும்' என்று திருப்பி வைத்திருக்கிறார்கள்.

இங்கே நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். உற்சாகத்தில் இரவிலும் வார இறுதியிலும் ஃபேன்களை முழுதாக நிறுத்தச் சொன்னேன். எண்கள் அழகாக இறங்கின. மூன்றாவது திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். வகுப்பறைகளில் புழுங்கிய வாடை, இரண்டு பிள்ளைகளுக்குத் தலைவலி. ஃபின்லாந்தில் பள்ளிக் கட்டடங்களின் உள்காற்றுச் சிக்கல் விளையாட்டான விஷயமில்லை. ஈரம் ஏறிய பழைய கட்டடங்களால் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றிய ஊர்கள் உண்டு. பெற்றோரின் பயம் நியாயமானது. நான் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டேன். அன்று மாலையே பள்ளிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, நிறுத்துவதற்குப் பதிலாக இரவில் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டோம். காலையில் பள்ளி திறக்க இரண்டு மணி நேரம் முன்பே முழு வேகம். ஃபேனின் மின்தேவை வேகத்தின் முப்படியில் (வேகம் × வேகம் × வேகம்) மாறும். வேகத்தை 80 விழுக்காடாக்கினாலே மின்தேவை பாதியாகிவிடும். முழுதாக நிறுத்தாமலே பெரும்பகுதி கைக்கு வந்தது, வாடையும் போனது. நூற்பாலையில் எழுதிய குறிப்பிலும் இதே முப்படிக் கணக்குத்தான்.

பராமரிப்பாளரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓய்வுக்குச் சில வருடமே இருந்த மனிதர். அதிகம் பேச மாட்டார். எங்கிருந்தோ வந்த பெண் தன் இயந்திர அறையில் குறை கண்டுபிடிக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை. பெல்ட் விஷயத்தை நான் அறிக்கையில் அவர் தவறாக எழுதவில்லை. அவர் பொறுப்பில் பதினோரு கட்டடங்கள். ஒவ்வொரு சக்கரமும் சுற்றுகிறதா என்று காட்டும் சிறு விளக்குக்கூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அதை அப்படியே எழுதினேன். அடுத்த வாரம் அவரே என்னைத் தேடி வந்து ஒரு நோட்டைக் காட்டினார். எந்தக் கட்டடத்தில் எந்த வால்வு சிக்கும், எந்த சென்சார் இரண்டு டிகிரி பொய் சொல்லும் என்று பல வருடக் குறிப்புகள். "கேட்டவர் யாரும் இல்லை" என்றார். காசு கொடுத்து வாங்கிய ஆடிட் அறிக்கைகளில் இல்லாத பல விஷயங்கள் அந்த நோட்டில் இருந்தன. என் இரண்டாம் வருடப் படிவத்தில் பதினாறு வரிகள். அதில் பத்துக்கு மேல் அவருடையவை. ஆலையோ அடுக்குமாடிக் குடியிருப்போ, எங்கே எரிசக்தி வேலை தொடங்கினாலும் முதல் ஆலோசகர் ஸ்பேனர் பிடிக்கும் கைதான். அவரிடம் குறை கேட்கப் போகாதீர்கள். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கப் போங்கள்.

ஊரில் ஒப்பந்தத்தில் இருந்தது நாங்கள் மட்டுமில்லை. ஊர்க்கோடியில் இருந்த மர அறுவை ஆலை தொழில்துறை ஒப்பந்தத்தில் இருந்தது. அவர்களின் இன்ஜினியரோடு ஒரு ஞாயிறு ஆலைக்குள் நடந்தேன். இயந்திரமெல்லாம் நின்ற அமைதியில் கம்ப்ரஸர் மட்டும் விட்டுவிட்டு ஓடியது. எதற்கு? கசிவுக்கு. காற்றுக்குழாய் இணைப்புகளில் 'உஸ்ஸ்' என்று கேட்ட இடத்திலெல்லாம் சிவப்பு நாடா கட்டிக்கொண்டே போனார். கருவி எதுவும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையையும் காதையும் வைத்துச் செய்யக்கூடிய சோதனை இது. கோவையில் எந்தப் பட்டறையிலும் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

எனக்கு அதிகம் வியப்பளித்தது வெப்பம் விற்கும் நிறுவனம். ஃபின்லாந்தில் கட்டடச் சூட்டில் ஏறத்தாழப் பாதி, ஒரு பொதுக் கொதிகலனில் சூடாக்கிய நீர் நிலத்தடிக் குழாய் வழியே வருவது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். அந்த நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்தில் இருந்தது. வாடிக்கையாளர் குறைவாகச் செலவழிக்க உதவுவதும் அதில் அடக்கம். விற்பவரே குறைத்து வாங்கச் சொல்வதா? அவர்களுக்கும் ஒரு லாபம் உண்டு என்று பிறகு விளக்கினார்கள். கட்டடத்திலிருந்து திரும்பும் நீர் எவ்வளவு ஆறித் திரும்புகிறதோ அந்த அளவுக்குக் குழாயில் குறைந்த நீர் ஓடினால் போதும். கடுங்குளிர் நாளின் உச்சத்தேவை குறைந்தால் விலையுயர்ந்த எண்ணெய்க் கொதிகலனைப் பற்றவைக்க வேண்டாம். எந்தக் கட்டடத்தின் நீர் சூடாகவே திரும்புகிறது என்ற பட்டியலை அவர்கள் எங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரு தாள் எனக்கு ஆறு மாத வேலையை மிச்சப்படுத்தியது. ஒரே ஊரில் மூன்று தரப்பும் ஒரே மாதிரிப் படிவத்தை நிரப்புவதால், ஒருவருக்கொருவர் பேச ஒரு மொழி கிடைத்திருந்தது.

2022-இல் எல்லாம் மாறியது. மே மாதத்தில் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. வரும் குளிர்காலத்தில் சுழற்சி முறையில் மின்வெட்டு வரலாம் என்று மின்கட்டமைப்பை நடத்தும் ஃபிங்கிரிட் எச்சரித்தது. 2012-இல் தமிழ்நாட்டின் மின்வெட்டை மில்லுக்குள் நின்று பார்த்தவள் நான். ஜெனரேட்டர் புகையும், வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களும் நினைவுக்கு வந்தார்கள். இங்கோ மின்வெட்டு என்ற சொல்லே பலருக்குப் புதிது. மைனஸ் 20-இல் மின்சாரம் போனால் வெப்பக்குழாயின் பம்ப்பும் நிற்கும். அக்டோபரில் 'ஒரு டிகிரி கீழே' என்று நாடு முழுக்க இயக்கம் தொடங்கியது. அறையில் ஒரு டிகிரி குறைத்தால் சூட்டுச் செலவு சுமார் 5 விழுக்காடு குறையும் என்பது இங்கே பலரும் அறிந்த கணக்கு.

பக்கத்து ஊர்களில் சில என்ன செய்வதென்று குழு அமைத்துக்கொண்டிருந்தபோது, எங்களிடம் நாலு வருடப் படிவம் இருந்தது. எந்தக் கட்டடத்தில் எதைக் குறைத்தால் எவ்வளவு, யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், எந்த முதியோர் இல்லத்தில் கை வைக்கவே கூடாது, எல்லாம் பெயரோடு தெரியும். ஒரே வாரத்தில் முடித்தோம். அந்தக் குளிர்காலம் மின்வெட்டு இல்லாமலே கழிந்தது. ஓர் ஊரின் வேலையால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஊரும் செய்யாமல் நாடு செய்திருக்க முடியாது.

இதற்கிடையே என்னால் நகர்த்த முடியாத ஒன்று இருந்தது: ஐஸ் ஹாக்கி அரங்கம். வெளியே மைனஸ் 20 இருந்தாலும் அரங்கத்துக்குள் பனித்தளத்தை உறையவைக்கக் கம்ப்ரஸர் ஓடுகிறது. தளத்திலிருந்து பிடுங்கிய வெப்பத்தைக் கூரையிலிருந்து வெளியே ஊதித் தள்ளுகிறது. அதே கட்டடத்தின் இன்னொரு மூலையில் பிள்ளைகள் குளிக்கவும் பனித்தளத்தைச் சீர்செய்யவும் வெந்நீரைக் காசு கொடுத்துச் சூடாக்குகிறோம். இரண்டையும் இணைக்க ஒரு வெப்பமாற்றியும் தொட்டியும் குழாயும் வேண்டும். பெல்ட் மாதிரிச் சில பத்து யூரோவில் முடியாது. 2019-இல் கேட்டேன், இல்லை என்றார்கள். 2020-இல் கேட்டேன், தொற்றுக்காலம், அரங்கமே மூடிக் கிடந்தது. 2021-இலும் இல்லை.

அப்போதெல்லாம் நான் எடுத்துக்கொண்டு போனது திருப்பிக் கிடைக்கும் காலக் கணக்கு. ஏழு வருடத்தில் முதலீடு திரும்பும் என்று காட்டுவேன். நிதிப் பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாலைக்கும் கூரைக்கும் பணம் போதவில்லை என்பார். அவர் சொன்னதும் உண்மைதான். நான்காவது முறை கணக்கை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தில் ஒப்பந்தத்தின் நகலை வைத்தேன். நகராட்சி மேலாளரின் கையெழுத்து, இலக்கு 750, இதுவரை பதிந்தது 540, மீதிக்கு எங்கள் பட்டியலில் மிச்சம் இருக்கும் வேலைகள். பட்டியலில் பெரியது அரங்கம் ஒன்றுதான்.

கூட்டத்தில் நான் பேசத் தொடங்குமுன்பே, மூன்று முறை மறுத்த அதே நிதிப் பொறுப்பாளர் அந்த முதல் பக்கத்தை உறுப்பினர்கள் பக்கம் திருப்பி வைத்தார். "இதில் நாம் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்" என்றார். நூற்பாலையில் "சட்டம் இல்லையேம்மா" என்ற பதிலுக்கு எதிரே நீட்ட என்னிடம் ஒரு தாள்கூட இருந்ததில்லை. இங்கே அபராதம் இல்லாத அந்தத் தாளை, எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரே எடுத்து நீட்டினார்.

2023 கோடையில் குழாய் பதித்தார்கள். அந்தக் குளிர்காலத்தின் முதல் பயிற்சி நாளில் பராமரிப்பாளரோடு அரங்கத்துக்குப் போனேன். அவர் குளியலறைக் குழாயைத் திறந்து, விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்த பிப்ரவரியில் படிவத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்: ஐஸ் அரங்கம், கழிவு வெப்ப மீட்பு, 2023.